மாஞ்சோலை: 95 ஆண்டுகள் வாழ்ந்தும் சொந்த வீடு இல்லாத மலை ஊர்... அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது? இப்போது என்ன சிக்கல்?

மழைக்காலம் வந்தாலே டிவி செய்திகளில் நான்கு பெயர்கள் தவறாமல் வரும். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. "நெல்லை மாவட்டத்தில் அதிகபட்சமாக ஊத்து பகுதியில் இத்தனை மில்லிமீட்டர் மழை" என்று வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பெயர்கள் வெறும் மழைமானி நிலையங்கள் இல்லை. நான்கைந்து தலைமுறையாக மக்கள் குடியிருந்த ஊர்கள்.

அந்த ஊர்கள்தான் இன்று காலியாகிக் கொண்டிருக்கின்றன. 2024 ஜூன் மாதம் தேயிலை பறிப்பது நின்றது. அங்கே பிறந்து வளர்ந்த பலர் பெட்டி படுக்கையோடு கீழே இறங்கிவிட்டார்கள். சிலர் இறங்க மறுக்கிறார்கள். ஏன் இறங்க வேண்டும்? ஏன் மறுக்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீதிமன்ற உத்தரவுகளை மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

எங்கே இருக்கிறது மாஞ்சோலை?

திருநெல்வேலியில் இருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் போனால் மணிமுத்தாறு அணை வரும். 118 அடி அணை. தாமிரபரணியின் முக்கியமான துணை ஆறுகளில் ஒன்றான மணிமுத்தாறு இங்கேதான் மலையை விட்டு இறங்குகிறது. அணையைத் தாண்டியதும் வனத்துறை சோதனைச்சாவடி. அதற்கு மேல் சுமார் 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் மாஞ்சோலை.

அதோடு முடிவதில்லை. இன்னும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மொத்தத்தையும் சேர்த்துத்தான் வெளியில் இருப்பவர்கள் "மாஞ்சோலை" என்கிறோம். நெல்லைக்காரர்களுக்கு "முக்கு" என்றால் தெருமுனை. நாலு பாதை சேரும் இடம் நாலுமுக்கு. அங்கிருந்து பிரியும் ஒரு பாதை மேல் கோதையாறு மின்நிலையப் பக்கம் போகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கான மின்திட்டம் அது, ஆனால் அதன் மேல் பகுதிக்குப் போக நெல்லை மாவட்டத்து மாஞ்சோலை வழியாகத்தான் ஏறவேண்டும்.

சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. 1962-ல் முண்டந்துறையும், 1976-ல் களக்காடும் சரணாலயங்களாக ஆகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகமானது. தேயிலைத் தோட்டங்கள் இந்தக் காட்டின் நடுவில் ஒரு தீவு மாதிரி இருக்கின்றன. சிக்கலின் வேர் இந்த இருப்பிடத்திலேயே இருக்கிறது.

காட்டுக்குள் தேயிலை எப்படி வந்தது?

இந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. 1919 அக்டோபரில் சென்னையில் ஒரு கொலை நடந்தது. தேனாம்பேட்டை நியூயிங்டன் என்ற மாளிகையில், ஜமீன் வாரிசுகள் தங்கிப் படித்த விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்த டி லா ஹே என்ற ஆங்கிலேயர் தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே தங்கிப் படித்த சிங்கம்பட்டி, கடம்பூர் ஜமீன் வாரிசுகள் வழக்கில் சிக்கினார்கள். சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர் ஆனார். வழக்கு பம்பாய் வரை போய், கடம்பூர் வாரிசு விடுதலையானார். இந்த வழக்குச் செலவில் விழுந்த கடனை அடைக்கத்தான் சிங்கம்பட்டியார் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்தார் என்பது நெல்லைச் சீமையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

கடன் கதை எப்படியோ, குத்தகை நடந்தது உண்மை. 1929-ல் சுமார் 8,374 ஏக்கர், 99 ஆண்டுகளுக்கு. வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். ஊர்க்காரர்கள் சுருக்கமாக "கம்பெனி" என்பார்கள், பிபிடிசி என்றும் சொல்வார்கள்.

இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வாலஸ் சகோதரர்கள். 1863-ல் பர்மா தேக்கு மர வியாபாரத்துக்காக ஆரம்பித்தது. மரம் வெட்டியதில் பர்மா மன்னர் தீபாவோடு ஏற்பட்ட தகராறு 1885-ல் ஒரு போராகவே முடிந்து, மன்னர் ரத்னகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். ஒரு கம்பெனியின் மரக்கணக்கு ஒரு ராஜ்ஜியத்தையே சாய்த்தது! இன்று அது வாடியா குழுமத்தின் கையில். நாம் டீயில் தொட்டுச் சாப்பிடும் பிரிட்டானியா பிஸ்கட்டும் அதே குழுமம்தான்.

தாமிரபரணிக் கரைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தது இது முதல் தடவை இல்லை. பாபநாசத்தில் விழும் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை கட்டிய ஹார்வி சகோதரர்களும் அந்த நாட்டுக்காரர்கள்தான். பின்னாளில் அது மதுரா கோட்ஸ் ஆனது. மில் வேலைக்கு ஆற்றோரக் கிராமங்களில் இருந்து ஆட்கள் போனார்கள். தேயிலை வேலைக்கு இன்னும் உயரே ஏறினார்கள்.

யார் ஏறினார்கள்?

பெரும்பாலும் நெல்லை, தூத்துக்குடி சமவெளியின் நிலமற்ற கூலிக் குடும்பங்கள். பட்டியல் சாதி மக்கள் அதிகம். கேரளத்தில் இருந்து வந்தவர்களும் உண்டு. கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கீழே பண்ணையார் வயலில் கிடைக்காத ஒன்று மேலே கிடைத்தது: மாதாமாதம் சம்பளம், தலைக்கு மேல் ஓட்டு வீடு. அதற்காக அட்டைக்கடியையும் காய்ச்சலையும் சகித்தார்கள். காடு வெட்டி, மேடு சரித்து, செடி நட்டது இவர்களின் பாட்டன் பூட்டன்.

ஒரு நாள் எப்படி போகும்?

எஸ்டேட் ஊரில் கடிகாரத்தைவிட ஆலைச் சங்குக்குத்தான் மதிப்பு. விடியும் முன்பே லைன் வீடுகளில் அடுப்பு எரியும். விறகு அடுப்பு. மலைக் குளிரில் அடுப்படிதான் வீட்டின் வெதுவெதுப்பான இடம், அதனால் பேச்சு, படிப்பு, சாப்பாடு எல்லாம் அங்கேயே நடக்கும்.

லைன் வீடு என்றால்? ஒரே நீளக் கட்டடம், ஒரே கூரை. அதை வரிசையாகத் தடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்னத் திண்ணை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "என்ன, மருந்து சாப்பிடலையா?" என்று கேட்பார்கள். ரகசியம் வைத்துக்கொள்ள முடியாத ஊர். பசி வந்தாலும் தெரிந்துவிடும், அதனால் யாரும் பட்டினி கிடக்கவும் முடியாது. கூட்டுக் குடும்பம் என்பதைவிட கூட்டுக் கூரை என்பதுதான் சரியாக இருக்கும்.

காலையில் பெயர் கொடுக்கும் இடத்தில் எல்லோரும் கூடுவார்கள். யார் எந்தக் காட்டுக்கு என்று பிரிப்பார்கள். எஸ்டேட்டில் "காடு" என்றால் தேயிலைப் பகுதி, எண் போட்டுப் பிரித்திருக்கும். பெண்கள் கொழுந்து பறிக்கப் போவார்கள். செடி ஈரம் இடுப்பை நனைக்காமல் இருக்க கனத்த துணியோ பிளாஸ்டிக் தாளோ சுற்றிக்கொள்வார்கள். ஆண்களுக்கு மருந்தடிப்பு, கவாத்து, ஆலை வேலை, மூட்டை ஏற்றுவது. கொழுந்து பறிப்பதுதான் தோட்டத்தின் உயிர். அதைச் செய்தது பெண்கள். ஆனால் மேற்பார்வைப் பதவிகள் பெரும்பாலும் ஆண்களுக்கே போயின. எந்தத் தேயிலை மலைக்குப் போனாலும் இதே கதைதான்.

இரண்டு இலை ஒரு மொட்டு. அதுதான் கணக்கு. பறித்த செடிக்கு மறுபடி திரும்பி வர ஒன்று இரண்டு வாரம் ஆகும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியைக் கவாத்து செய்து, அதாவது இடுப்பளவு செடியை வெட்டிக் குட்டையாக்கி விடுவார்கள். இல்லாவிட்டால் தேயிலை மரமாகவே வளர்ந்துவிடும். நாம் பார்த்து ரசிக்கும் பச்சைக் கம்பளம் தானாக அப்படி இருப்பதில்லை, தொடர்ந்து கை பட்டுக்கொண்டே இருப்பதால் அப்படி இருக்கிறது. இப்போது கை படுவது நின்றுவிட்ட பகுதிகளில் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் கிளம்பிவிடும்.

மாலையில் எடை போடுவார்கள். சுமார் நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து, உருண்டு, புளித்து, வறுபட்டு வந்தால் ஒரு கிலோ தேயிலைத் தூள். கொழுந்தை உடனே ஆலைக்குக் கொண்டு போகாவிட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். மழையானாலும் மாலை லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மழை... அட்டை... யானை

இங்கே மழைக்காலம் என்று தனியாக ஒன்றைச் சொல்வது கஷ்டம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. 1992 நவம்பரில் காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் இரண்டு மூன்று மாதம் பெய்யும் மழை ஒரே நாளில். அந்த முறை தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

மேலே பெய்யும் மழைதான் கீழே பாசனம். நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வயல்களுக்கும் குடிநீருக்கும் இந்தச் சோலைக்காடுகள்தான் தொட்டி. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்கிறவர்களின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுதான்.

மழையோடு அட்டை வரும். காலில் ஏறியது தெரியாது, இறங்கியதும் தெரியாது, ரத்தம் வழிவதைப் பார்த்துத்தான் தெரியும். உப்பு, மூக்குப்பொடி, சுண்ணாம்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம். வெளியூரில் இருந்து வந்த மாப்பிள்ளையை அட்டை கடித்தால் ஊரே சிரிக்கும்.

யானை, காட்டுமாடு, சிறுத்தை நடமாட்டமும் உண்டு. கேரளத்தில் பிடித்து, பிறகு தமிழகத்தில் கம்பம் நகரைக் கலக்கிய அரிக்கொம்பன் யானையை நினைவிருக்கிறதா? 2023 ஜூனில் அதை மேல் கோதையாறு காட்டில்தான் விட்டார்கள். மூன்று மாதம் கழித்து அது நடந்து வந்து எட்டிப் பார்த்தது மாஞ்சோலைத் தோட்டப் பகுதியை. இன்னொரு பக்கம், சிங்கவால் குரங்கு என்ற சோலைமந்திக்கு காக்காச்சி காடு முக்கியமான வாழிடம். மரஉச்சிகளில் வாழும் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார்கள்.

"கீழ போயிட்டு வர்றேன்"

ஊரைவிட்டு வெளியே போவதற்கு ஒரே சொல்தான்: கீழே. துணி எடுக்கக் கீழே, பெண் பார்க்கக் கீழே, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீழே. எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை. அரசுப் பேருந்துதான் உயிர்நாடி. காய்கறி, மாத்திரை, பத்திரிகை, புதுப் படச் செய்தி எல்லாம் அதில்தான் ஏறி வரும். மண் சரிந்தால் பேருந்து நிற்கும். பேருந்து நின்றால் ஊர் நிற்கும்.

தோட்டங்களில் கோயிலும் உண்டு, சர்ச்சும் உண்டு. நெல்லைச் சீமையின் கோயில் கொடையும் கிறிஸ்துமஸ் பாடல் பவனியும் சனங்களோடு சேர்ந்து மலை ஏறின. ஒரே லைனில் இரண்டும் இருக்கும்போது பலகாரத் தட்டு இரண்டு பக்கமும் போகும். பேச்சில் அண்ணாச்சி, மயினி, ஏல, எக்கா எல்லாம் அச்சுப் பிசகாத நெல்லைத் தமிழ், நடுவில் மஸ்டர், லைன், ஃபீல்டு என்று எஸ்டேட் இங்கிலீஷ்.

இதே மலையடிவாரத்தில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். அங்கே ராஜ உடையில் அமர்ந்து காட்சி கொடுத்த சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன் என்று அவரைச் சொல்வார்கள். காட்டைக் குத்தகைக்கு விட்ட வம்சத்தின் கடைசி ராஜா போய்விட்டார், குத்தகை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வீடு இருந்தது... ஆனால் யாருடையது?

எஸ்டேட் வாழ்க்கையின் முக்கியமான விதி இதுதான். வேலை இருக்கும் வரை வீடு. ஓய்வு பெற்றால், அந்த வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லாவிட்டால், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பிறந்த வீடு, தாலி கட்டி வந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு என்பதெல்லாம் கணக்கில் வராது.

1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அது கொடுத்தது குடியிருப்பு. பட்டா இல்லை. அதனால் நெல்லைச் சமவெளியில் கூரை வீடு வைத்திருக்கும் ஏழைக்குக்கூட இருக்கிற ஒரு துண்டு நிலம், மலையில் ஆயுள் முழுக்க உழைத்தவருக்கு இல்லாமல் போனது. பிள்ளையைத் தொழிலாளியாக்கினால் வீடு தங்கும், படிக்க வைத்து வெளியே அனுப்பினால் வீடு போகும். எத்தனை பெற்றோர் இதைத் தராசில் வைத்துப் பார்த்திருப்பார்கள்! பலர் படிப்பையே தேர்ந்தெடுத்தார்கள். மாஞ்சோலையில் இருந்து வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வந்திருக்கிறார்கள்.

மயானம் இருக்கிறது. மூன்று நான்கு தலைமுறையை அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். "எங்க ஆளுக இங்கதான் கெடக்காங்க, நாங்க மட்டும் எங்க போறது?" என்ற மாதிரியான கேள்வி அங்கிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

1999 ஜூலை 23: மறக்க முடியாத நாள்

மாஞ்சோலை என்றதும் நெல்லை மக்களுக்கு மழைக்கு முன்பே நினைவு வருவது இந்தத் தேதி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் 653 பேர் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கக் கோரியும், கூலிப் பிரச்னையைத் தீர்க்கக் கோரியும் புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகளோடு தொழிலாளர்கள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள்.

ஆட்சியர் அலுவலகம் இருப்பது கொக்கிரகுளத்தில், தாமிரபரணியை ஒட்டி. அங்கே போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களில் பலர் கரையேறவில்லை. பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரிக்க நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. 11 பேர் நீரில் மூழ்கியும் 6 பேர் காயங்களாலும் இறந்ததாக அது சொன்னது. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த "நதியின் மரணம்" ஆவணப்படம் இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்தது. ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் கட்சிகளும் குடும்பத்தினரும் ஆற்றில் மலர் தூவுகிறார்கள்.

எஸ்டேட் மலையில் உற்பத்தியாகிற தண்ணீரில்தான் எஸ்டேட் சனங்கள் இறந்தார்கள். நெல்லையில் இதை யாரும் அலங்காரமாகச் சொல்வதில்லை, நடந்ததே அப்படித்தான்.

2024-ல் என்ன நடந்தது?

குத்தகை முடிவது 2028 பிப்ரவரியில். அப்படியானால் நாலு வருஷம் முன்பே ஏன் மூட்டை கட்டினார்கள்?

சிங்கம்பட்டி ஜமீன் 1952-ல் ஒழிக்கப்பட்டதும் நிலம் அரசுக்கு வந்தது. கம்பெனியின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. நிலத்துக்குத் தங்களுக்கே பட்டா வேண்டும் என்று கம்பெனி வழக்குப் போட்டது, நீதிமன்றத்தில் எடுபடவில்லை. 2018-ல் தமிழக அரசு பழைய ஜமீன் வனப்பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தது. இனி குத்தகை நீளாது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

2024 கோடையில் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஜூன் நடுவில் வேலை நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள். "விருப்ப" ஓய்வு என்ற சொல்லே அங்கே கேலிப்பொருளானது. வேலையே இல்லை என்ற பிறகு விருப்பம் எங்கிருந்து வரும்?

விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. மனுக்களின் முக்கியக் கோரிக்கை, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்பது. இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவானது டான்டீ. அதே போல மாஞ்சோலைக்கும் செய்யக்கூடாதா என்று கேட்டார்கள். ஆனால் டான்டீயே நட்டத்தில் இருக்கிறது. 2022-ல் நீலகிரியில் தன் கையில் இருந்த நிலத்திலேயே ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்தது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாஞ்சோலையோடு நிற்காமல் அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதையும் ஆய்வு செய்ய மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவுக்கு உத்தரவிட்டது.

அரசு தரப்பில் சமவெளியில் வீடு, தொழில் கடன், பயிற்சி என்று மறுவாழ்வு உதவிகள் அறிவிக்கப்பட்டன. அடுக்குமாடி வீடு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் ஐம்பது வயதில், கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒரு பெண்ணுக்குச் சமவெளியில் என்ன வேலை? இதற்குத்தான் இன்னும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

வன உரிமைச் சட்டம் உதவாதா?

2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழங்குடி அல்லாத "பிற பாரம்பரிய வனவாசிகள்" என்ற பிரிவும் அதில் உண்டு. நிபந்தனை: 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வசித்து அதை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர் வருகிறது. மாஞ்சோலைக் குத்தகை 1929. மயிரிழை வித்தியாசம்!

முதலில் ஏறிய குடும்பங்களுக்கு இது பொருந்தலாம் என்கிறார்கள் தொழிலாளர் தரப்பினர். கம்பெனித் தோட்டத்தில் கூலி வாங்கியவர் "காட்டை நம்பி வாழ்ந்தவர்" ஆவாரா என்பது எதிர்க்கேள்வி. பக்கத்திலேயே காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் வாழும் காணி பழங்குடியினரின் நிலை வேறு. அவர்களின் காட்டு உறவு எஸ்டேட்டைவிடப் பலமடங்கு பழையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதேபோல ஸ்காட்லாந்தில் நடந்தது என்ன?

கம்பெனியைத் தொடங்கியவர்களின் நாட்டிலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான முடிவுகள் உண்டு.

முதலாவது செயின்ட் கில்டா. ஸ்காட்லாந்தின் மேற்கே கடலுக்குள் தனித்துக் கிடக்கும் தீவு. தெரு ஒன்றுதான். பாறை உச்சியில் கூடு கட்டும் கடல் பறவைகளைப் பிடித்துச் சாப்பிட்டார்கள், பறவை இறகையே நிலக்கிழாருக்கு வாடகையாகக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஆண்கள் தெருவில் கூடி இன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுப்பார்கள், அதற்கு "பார்லிமென்ட்" என்று பெயர். அவசரத்துக்குத் தபால் அனுப்ப, மரப்பெட்டிக்குள் கடிதத்தை வைத்து, ஆட்டின் மூத்திரப்பையை ஊதிக் கட்டிக் கடலில் மிதக்க விட்டார்கள். ஆள் குறைந்து, நோய் வந்து, கடைசியில் அவர்களே அரசுக்கு மனுப் போட்டு 1930 ஆகஸ்ட் 29 அன்று வெளியேறினார்கள். மிச்சம் இருந்தது 36 பேர். மாஞ்சோலைக் குத்தகை கையெழுத்தான மறு வருஷம்.

கரை சேர்ந்த பிறகு அவர்களில் பலருக்குக் கிடைத்தது வனத்துறை வேலை. மரமே இல்லாத தீவில் வளர்ந்தவர்களுக்கு மரம் வளர்க்கும் வேலை! மறுவாழ்வு என்று அதிகாரிகள் எழுதும் காகிதத்துக்கும் மனிதர்களுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அங்கே பிறந்தவர்களில் கடைசி நபர் 2016-ல் இறந்தார். தீவு இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம்.

இரண்டாவது எய்க். இதுவும் சின்னத் தீவுதான். நிலம் ஒரு முதலாளியிடம் இருந்து இன்னொருவருக்கு என்று கை மாறிக்கொண்டே இருந்தது. குடியிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பொறுத்துப் பார்த்த மக்கள் நன்கொடை திரட்டி, அறக்கட்டளை அமைத்து, 1997-ல் தீவையே விலைக்கு வாங்கினார்கள். பிறகு நீர், காற்று, சூரிய ஒளி மூன்றிலும் மின்சாரம் எடுத்து சொந்த மின்தொகுப்பு வைத்துக்கொண்டார்கள். மக்கள்தொகையும் கூடியது. அதற்கு முன்பே, 1886-லேயே, குத்தகைக் குடியானவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாதபடி ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளுக்குச் சட்டம் வந்திருந்தது.

எய்க் வழி மாஞ்சோலைக்கு அப்படியே பொருந்தாது. அங்கே புலி இல்லை, கீழே தண்ணீர் கேட்பவர் இல்லை. ஆனால் "தோட்டம் மூடினாலும் குடியிருப்பு மட்டும் இருக்கட்டும், காட்டைக் காக்கும் வேலையை எங்களுக்கே கொடுங்கள்" என்ற யோசனையை முழுசாகப் பரிசீலிக்காமல் தள்ளுவதும் சரியாகப் படவில்லை. தேயிலையைப் பிடுங்கி மறுபடி சோலை மரம் வளர்க்க ஆட்கள் வேண்டும். களைச்செடியையும் அன்னிய மரத்தையும் அகற்ற ஆட்கள் வேண்டும். அந்த மலையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இப்போது நிலவரம்?

ஓய்வுப் பணத்தை வாங்கியவர்கள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி என்று சிதறிவிட்டார்கள். வீட்டு வாடகை என்ற ஒன்றை வாழ்க்கையில் முதல் முறையாகக் கொடுக்கிறார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் முகவரி மாற்ற வேண்டியிருக்கிறது. இன்னும் மேலே இருப்பவர்களுக்குத் தினசரி கவலை வேறு: பேருந்து ஓடுமா, ஆஸ்பத்திரி இருக்குமா, பிள்ளைகள் குறைந்த பள்ளி நீடிக்குமா, பக்கத்து வீடுகள் காலியான லைனில் ராத்திரி யானை வந்தால் யார் குரல் கொடுப்பது.

சுற்றுலாவாக மேலே போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். புலிகள் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதி கட்டாயம். மழை, வறட்சி, விலங்கு நடமாட்டத்தைப் பொறுத்து அனுமதி அடிக்கடி நிறுத்தப்படும். மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. மேலே போய் லைன் வீடுகளைப் போட்டோ எடுப்பதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் இன்னும் அடுப்பு எரிகிறது.